பாடாதவர் பெயர் முதலில்

சென்ற பொங்கல் விடுமுறையில் பரணை ஒழித்தபோது ஒரு காலணிப் பெட்டி நிறையப் பழைய கேசட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கல்லூரி விடுதியில் இருந்த நாட்களில் அறைத்தோழனின் சி.டி.யிலிருந்து நானே பதிவு செய்துகொண்டது. கேசட் கடைக்காரர்கள் அட்டையில் எழுதித் தரும் வழக்கத்தை அப்படியே பின்பற்றி, நீல மையில் வரிகளைப் பிரித்து எழுதியிருந்தேன். 'படம்' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். 'பாடியவர்' என்ற இடத்தில் 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்டு த ஃபியூரியஸ் ஃபைவ்'. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதிலிருந்த 'த மெசேஜ்' என்ற பாட்டைக் கைப்பேசியில் தேடி ஓடவிட்டான். அரை நிமிடம் கேட்டபின், "மாமா, இதுல எந்தக் குரல் ஃப்ளாஷோடது?" என்றான். "முதல்ல வருது பாரு, அதுதான்டா. அவர்தானே தலைவர்" என்று சிறிதும் யோசிக்காமல் சொன்னேன். அவன் இன்னும் இரண்டு நிமிடம் திரையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அது மெலி மெல்லாம். ஃப்ளாஷ் இதுல பாடவே இல்ல. அவர் எதுலயுமே பாடுறவர் இல்லையாம் மாமா" என்றான்.

இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக ஹிப்-ஹாப் கேட்பவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அவர் ஒரு டிஜே, இசைத்தட்டு ஓட்டுபவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்ததை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. ஹிப்-ஹாப் என்றால் ராப், ராப் என்றால் தாளத்தோடு வேகமாகப் பேசும் வாய், அந்த வாய்க்குப் பின்னால் யாரோ ஏதோ ஓட்டுகிறார் என்றே என் மனம் வகுத்து வைத்திருந்தது. அப்படியானால் வாய் திறக்காத ஒருவருடைய பெயர் ஏன் முதலில் நிற்கிறது? வாய் திறந்த ஐந்து பேரும் ஏன் ஒரே சொல்லுக்குள் கும்பலாக அடைக்கப்பட்டிருக்கிறார்கள்? பையன் ஊருக்குப் போய்விட்டான், கேள்வி போகவில்லை.

கூட்டம் காத்திருந்த சில நொடிகள்

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்ககம் என்ற முகவரியில் நடந்த ஒரு விருந்திலிருந்து தொடங்கும் ஹிப்-ஹாப்பின் கதையை நான் இங்கே மறுபடி சொல்லப்போவதில்லை. அதைப் பிறந்தநாள் என்று கொண்டாடுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கமும் உண்டு. ஓர் இசை ஒரே இரவில், ஒரே அறையில் பிறந்தது என்பது கேக் வெட்டுவதற்கு வசதியான கதை. ஆனாலும் அந்த இரவைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப்படுகிறது. அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறக்கும்போது போட்டுக்கொள்ளப் புதுத் துணி வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்து, அழைப்புகளைக் கையால் எழுதிக் கொடுத்தார். தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967இல் பிராங்க்ஸுக்கு வந்தவர். அவருக்கு அப்போது பதினெட்டு வயது.

ஹெர்க் செய்ததாக எல்லோரும் சொல்வது 'பிரேக்'கை நீட்டியதை. பாட்டின் நடுவே பாடகர் ஒதுங்கி, மற்ற வாத்தியங்களும் அடங்கி, டிரம்ஸும் பேஸும் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்கு அந்தப் பெயர். நம் கச்சேரியில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபை காபிக்கு எழுந்து போகும். பிராங்க்ஸில் நடந்தது அதற்கு நேர் எதிர். மற்ற நேரமெல்லாம் சுவரோரம் நின்றிருந்தவர்கள் அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருந்து, அது வந்ததும் நடுவே பாய்ந்து ஆடினார்கள். ஹெர்க் இதைக் கவனித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் தரையைப் பார்த்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு இயக்கிகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதே பிரேக்கின் தொடக்கத்தில் ஊசியை வைத்தார். சில நொடிகள் பல நிமிடங்கள் ஆயின. ஜேம்ஸ் பிரவுனின் பதிவு ஒன்றும், இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் 1973இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்றும் இப்படித்தான் எழுதியவர்களோ வாசித்தவர்களோ எதிர்பார்த்திராத வாழ்வைப் பெற்றன. போட்டி டிஜேக்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த தாளை ஹெர்க் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்.

அந்த இரவிலும் மைக் இருந்தது. ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் அதில் நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நடுநடுவே எதுகை வைத்து ஓரிரு வரி விட்டார். அவ்வளவுதான். அது கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவரின் வேலைக்குச் சற்று மேலே இருந்தது. கூட்டம் காசு கொடுத்து வந்தது ஹெர்க்கின் பெயரைக் கேட்டுத்தான்.

விரல் வைத்தவர்

ஜோசப் சாட்லர், அதாவது ஃப்ளாஷ், 1958இல் பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். அவருடைய அப்பா இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்துப் பூட்டிப் பாதுகாத்தவர். அவற்றைத் தொட்டதற்காகச் சிறுவன் வாங்கிய அடிகள் பல. பிறகு தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தார். ஹெர்க்கின் விருந்துகளை அவர் கூட்டத்தில் நின்று பார்த்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. ஹெர்க் ஊசியைக் கண் மதிப்பில் தூக்கி வைப்பார். அது தாளத்தோடு சரியாகப் பொருந்தாது. ஒரு பிரேக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அடி தவறும். ஆடுபவர்களின் கால் ஒரு கணம் தடுமாறும். ஹெர்க்கின் ஒலிபெருக்கிகள் இருந்த பலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாட்லருக்கு மட்டும் அது பல்லில் சிக்கிய நாராக உறுத்தியது.

அவர் கண்ட தீர்வை எழுத்தில் படித்தபோது எனக்குச் சரியாகப் புரியவில்லை. அதனால் எங்கள் ஊரில் பழைய ஆம்ப்ளிஃபயர்களும் ரெக்கார்டு பிளேயர்களும் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரின் கடைக்குப் போனேன். தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்கும் சற்று மேலே சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 நொடி. பத்து நொடி பிரேக் என்றால் ஐந்தரைச் சுற்று. பிரேக் தொடங்கும் இடத்தில் ஊசி நிற்கும்போது, தட்டின் மேல் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி முள் போல அந்தக் கோடு ஒரு திசையைக் காட்டுகிறது. பிரேக் ஓடி முடிந்ததும் அடுத்த இயக்கிக்கு ஒலியை மாற்றிவிட்டு, முதல் தட்டை விரலால் எதிர்த்திசையில் ஐந்தரைச் சுற்று சுற்றினால், கோடு அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஊசி பிரேக்கின் வாசலில் தயாராக இருக்கும். தூக்கி வைக்க வேண்டியதில்லை, கண் மதிப்பும் வேண்டியதில்லை. இடையில் காதொலிப்பானில் அவர் மட்டும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள ஓர் இணைப்பு வேண்டும். அதைத் தானே கட்டிக்கொண்டார். தட்டைப் பிடித்து நிறுத்தினாலும் அடியில் அதைத் தாங்கிச் சுழலும் மேடை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தடித்த ரப்பர் விரிப்பு அதற்கு இடம் கொடுக்காததால், கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, தட்டுக்கு அடியில் வைத்தார்.

நண்பரின் கடையில் இருந்தது பெல்ட்டில் ஓடும் பழைய பிளேயர். நான் தட்டின் மேல் கை வைத்து மெல்லப் பின்னால் தள்ளினேன். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் அடியில் எதுவோ 'சொத்' என்று கழன்றது, மேடை நின்றுவிட்டது. "சார், இது அதுக்கு உண்டான மெஷின் இல்ல. ரெக்கார்டைக் கையால தொட்டாலே எங்கப்பா கடையை விட்டு வெளியே அனுப்பிடுவாரு" என்று கடிந்துகொண்டே நண்பர் பெல்ட்டை மறுபடி மாட்டினார். அந்த ஒரு சுற்றில் நான் அறிந்தது ஒன்று உண்டு. விரல் நுனியில் டிரம்ஸ் தெரிகிறது. ஒலி பின்னோக்கி ஓடும்போது ஒவ்வொரு அடியும் விரலுக்குக் கீழே சின்னதாக முட்டுவது போன்ற ஒரு பிரமை. பிரமையாகவே இருந்தாலும், அதற்குப் பிறகு அதை 'தட்டு ஓட்டுவது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்து டிஜேக்களும் என் நண்பரின் அப்பாவைப் போலத்தான் இருந்தார்கள். தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும், பள்ளங்களின் மேல் விரல் படக்கூடாது என்பது அவர்களுக்கு மறுபேச்சில்லாத விதி. சாட்லர் முழு விரலையும் வைத்தார். தட்டுகளைப் பாழடிக்கிறான் என்று திட்டு வாங்கினார். சில ஆண்டுகளில் அவருடைய கூட்டாளி ஒருவரின் தம்பி தியோடர், வீட்டில் சத்தமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் அம்மா வந்து அதட்டினார் என்று தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருக்காமல் முன்னும் பின்னும் அசைய, அந்த உரசல் ஒலி காதில் விழுந்தது. இன்று 'ஸ்க்ராட்ச்' என்று உலகமே அறிந்த ஒலி அதுதான். விரல் வைக்கலாம் என்று முன்பே ஒருவர் காட்டியிருக்காவிட்டால், அந்தப் பையன் அம்மாவின் குரலுக்கு ஊசியைத் தூக்கியிருப்பான்.

யாரும் ஆடவில்லை

என் கேள்விக்கு விடை இருப்பதாக நான் நினைக்கும் இடம் இதுதான். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், அறைக்குள் மாதக்கணக்கில் பழகிய வித்தையை ஃப்ளாஷ் முதன்முறையாக ஒரு பூங்காவில் அரங்கேற்றினார். தான் தேடித் தேடிச் சேர்த்த சிறந்த பிரேக்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஓர் அடிகூடத் தவறாமல், மூச்சு விடாமல் வந்தன. ஹெர்க்கிடம் கண்ட குறை ஒன்றுகூட அதில் இல்லை. கூட்டம் வெறிபிடித்து ஆடும் என்று அவர் எதிர்பார்த்தார். கூட்டமோ ஆடவில்லை. மேசையை நெருங்கி வந்து, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றது. பாடம் கேட்பது போல ஓர் அமைதி. வீட்டுக்குப் போய் நாட்கணக்கில் அழுததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். குறை இல்லாமல் செய்ததுதான் அங்கே வினையாக முடிந்தது. ஹெர்க்கின் கை தடுமாறினாலும் அவருடைய கண் ஆடுபவர்களின் காலில் இருந்தது. ஃப்ளாஷின் கை அவ்வளவு அழகாக இருந்ததால் ஆடுபவர்களின் கண்ணே அவர் கைக்கு வந்துவிட்டது, கால் நின்றுவிட்டது. இசை கேட்க வந்தவர்களை வித்தை பார்ப்பவர்களாக மாற்றிவிட்டார். அவருக்கு அடுத்துத் தோன்றிய யோசனை, வேறு யாராவது அந்தக் கண்களைத் திருப்ப வேண்டும் என்பது. மேசைக்கு அப்பால் ஒரு மைக்கை வைத்து, விருப்பமுள்ளவர் வந்து பேசலாம் என்று விட்டார். பலர் வந்து தாளம் பிடிக்காமல் போனார்கள். நிலைத்தவர் கீத் விக்கின்ஸ். எல்லோரும் 'கௌபாய்' என்று அழைத்தார்கள். கையைத் தூக்கு, கூவு, பதில் சொல்லு என்று கூட்டத்தை வேலை வாங்கினார். கூட்டம் மறுபடி ஆடத் தொடங்கியது. ராணுவத்தில் சேரப்போகும் ஒரு நண்பனை, அணிவகுப்பு நடையைப் போல 'ஹிப், ஹாப், ஹிப், ஹாப்' என்று சொல்லிக் கேலி செய்ததிலிருந்துதான் இந்த இசையின் பெயரே வந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் கதையின் நாயகரும் இவரே. அவரைத் தொடர்ந்து குளோவர் சகோதரர்கள் மெல்வினும் நத்தானியேலும், அதாவது மெலி மெல்லும் கிட் கிரியோலும் வந்தார்கள். மேலும் இருவர் சேர, ஐவர் ஆனார்கள்.

ஆக, வாய் வந்தது கைக்கு ஏவலாக. டிஜே தன் வேலையை நிம்மதியாகச் செய்ய, கூட்டத்தைப் பார்த்துக்கொள்வதற்காக அமர்த்தப்பட்டவர்கள் அந்த ஐவரும். கேசட் அட்டையில் நான் எழுதிய பெயர் வரிசை அந்தப் பூங்காவின் வரிசை. அது வெளிவந்த தட்டில் நடந்ததுதான் வேறு.

பெயர் இடம் மாறிய வருடம்

1979இல் நியூ ஜெர்சியில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த சில்வியா ராபின்சன், ஹார்லெமில் ஒரு விருந்தில் இந்தப் பேச்சிசையைக் கேட்டு, அதைத் தட்டாக்க முடிவு செய்தார். பிராங்க்ஸின் புகழ்பெற்ற குழுக்கள் எதுவும் அவர் கையில் இல்லை. ஃப்ளாஷிடம் இப்படியொரு யோசனையோடு வந்தவர்களும் இருந்தார்கள். தான் ஓட்டும் தட்டையே, மேலே ஆள் பேச, இன்னொரு தட்டாக யார் காசு கொடுத்து வாங்குவார் என்று அப்போது நினைத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான கேள்வி. விருந்து என்பது மணிக்கணக்கில் நடப்பது. கூட்டத்தைப் பார்த்து, அதற்கேற்பக் கை மாறுவது. அதை ஒரு தட்டுக்குள் எப்படி அடைப்பது?

ராபின்சன் எளிய வழி கண்டார்: டிஜேயை விட்டுவிட்டார். ஷீக் குழுவின் அப்போதைய வெற்றிப் பாட்டின் பேஸ் ஓட்டத்தை ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, மேலே மூன்று பேரைப் பேச வைத்தார். மூவரில் ஒருவர் பிட்சா கடையில் வேலை செய்துகொண்டிருந்த ஹேங்க். அவர் அதற்கு முன் பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருக்காக வேலை பார்த்தவர். சொந்தமாக வரிகள் இல்லாததால் காஸிடம் போய்க் கேட்டார். காஸ் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். காஸின் பழைய பட்டப்பெயர் காஸனோவா ஃப்ளை. உலகம் முழுவதும் பரவிய அந்தப் பதினான்கரை நிமிடப் பாட்டில், ஹேங்க் தன் அறிமுகமாக அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். வரியை மாற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. காஸுக்குப் பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. பிராங்க்ஸைப் பார்த்தேயிராத லட்சக்கணக்கானவர்களுக்கு ஹிப்-ஹாப் என்றால் இதுதான் என்று ஆனது: பேசுபவர்கள் உண்டு, தட்டின் மேல் விரல் வைப்பவர் இல்லை. என் மனம் வகுத்து வைத்திருந்த வரையறை என்னுடையதே அல்ல. அது அந்த ஸ்டூடியோவில் செலவும் சிக்கலும் குறையச் செய்யப்பட்ட ஒரு ஏற்பாடு.

ஃப்ளாஷும் ஐவரும் அடுத்த வருடமே அதே நிறுவனத்தில் சேர்ந்தார்கள். அங்கே 1981இல் ஃப்ளாஷுக்கென்று ஒரு தட்டு வந்தது. ஏழு நிமிடம், மூன்று இயக்கிகள், பாடகர் இல்லை. ஷீக், பிளாண்டி, குயின், பாங்கோ பேண்ட் ஆகிய குழுக்களின் பாட்டுகள் எல்லாம் அவர் விரலுக்கு ஏற்ப வந்து போகின்றன. நேரடியாக ஓட்டிப் பதிவு செய்தது. ஓரிடத்தில் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பூங்காவின் அமைதியைத் தட்டில் கேட்க முடியும் என்றால் அது இந்த ஏழு நிமிடத்தில்தான். ஆனால் விற்றது வேறு. 1982இல் நிறுவனத்தின் வாத்தியக்காரர்களில் ஒருவரான எட் ஃப்ளெட்சர், சேரி வாழ்வைப் பற்றி ஒரு பாட்டை உருவாக்கினார். ஆட்டத்துக்கு உதவாத சோகப் பாட்டு என்று குழு ஒதுக்கியது; ராபின்சன் விடவில்லை; மெலி மெல் மட்டும் ஃப்ளெட்சரோடு சேர்ந்து பாடினார். தட்டு வெளிவந்தபோது அதன் மேல் அச்சாகியிருந்த முதல் பெயர் ஃப்ளாஷ். அவருடைய இயக்கி அதில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தேர்ந்த முதல் 50 ஒலிப்பதிவுகளில் அதுவும் ஒன்று. என் கேசட்டில் இருந்த பாட்டும் அதுவே. பதிவான மறு வருடமே ஃப்ளாஷ், தனக்குச் சேர வேண்டிய பணத்துக்காகவும் தன் பெயருக்காகவும் நிறுவனத்தோடு வழக்காடி வெளியேறினார்.

பெயர் வரிசை மட்டும் இன்னும் சில காலம் பழைய மரியாதையைக் காத்தது. 'எரிக் பி அண்டு ரக்கீம்' என்ற இணையில் தட்டு ஓட்டுபவரின் பெயர்தான் முன்னால். 1989இல் ராப் இசைக்கான முதல் கிராமி விருதைப் பெற்றவர்கள் 'டிஜே ஜாஸி ஜெஃப் அண்டு த ஃப்ரெஷ் பிரின்ஸ்'. இரண்டாவதாக நிற்பவர் வில் ஸ்மித். பிறகு வந்த ராப்பர்கள் தனிப் பெயரோடு வந்தார்கள். கை அழிந்துவிடவில்லை, அது பெட்டிக்குள் போனது. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற இயந்திரம் ஏறத்தாழ பத்து நொடி ஒலியைத்தான் தன்னுள் வைத்துக்கொள்ளும். அந்தப் பத்து நொடிக்குள் பிரேக்கை வெட்டி, அடுக்கி, நீட்டுகிறவர்களுக்குத் 'தயாரிப்பாளர்' என்று பெயர் வந்தது. அவர்கள் யாருடைய கண்ணிலும் படாமல் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

சித்திரையில் அக்கா மகன் மறுபடி வந்தான். அந்த ஏழு நிமிடத் தட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில், "இதுல யாரு மாமா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டு சிரித்தான். கேசட் அட்டையை எடுத்து, 'பாடியவர்' என்ற சொல்லை நான் அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று இருவருமாக யோசித்தோம். 'இசை' என்று போட்டால் அது ஃப்ளெட்சருக்குப் போக வேண்டும். 'வாசித்தவர்' என்றால் அந்தப் பாட்டில் அவர் வாசிக்கவே இல்லை. "சும்மா பேரை மட்டும் விடுங்க மாமா" என்றான். அப்படியே விட்டேன்.